‘நாளையிலிருந்து வர வேண்டாம்’ என்று சொல்லிவிடலாமா?

கோவையில் பம்ப் உதிரிபாகம் கடையும் பட்டறை, 46 தொழிலாளர்கள். அதில் ஏழு வருடமாக இருக்கும் ஒரு சிஎன்சி (கணினி வழி இயங்கும் மெஷின்) ஆபரேட்டர். வேலையில் கெட்டிக்காரர். ஆனால் ஆறு மாதமாக நேரத்துக்கு வருவதில்லை, சூப்பர்வைசரை எல்லோர் முன்னாலும் கெட்ட வார்த்தையில் திட்டுகிறார், ஷிஃப்ட் நடுவில் இறங்கிப் போய்விடுகிறார், வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டு மற்றவர்களையும் கிளப்பிவிடுகிறார். ‘கணக்கு முடித்துப் பணத்தைக் கையில் கொடுத்து, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிடலாமா, கேஸ் வருமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நாளைக்கே நிறுத்தலாமா என்பது ஒன்று. அதற்கு ஒரே வார்த்தையில் பதில், வேண்டாம். நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் அந்த முடிவு நீதிமன்றத்தில் நிற்க என்ன செய்ய வேண்டும் என்பது மற்றொன்று. இந்தப் பதில் பெரும்பாலும் அதைப் பற்றியதே.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். ‘நடத்தை சரியில்லை’, ‘திமிர் பிடித்தவர்’ என்பதற்கெல்லாம் தொழிலாளர் சட்டத்தில் இடமே இல்லை. எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இடம், என்ன சொன்னார் அல்லது செய்தார், யார் பார்த்தார்கள் என்ற ஐந்தும் இருந்தால் அது குற்றச்சாட்டு. இல்லையென்றால் அது உங்கள் அபிப்பிராயம். நிர்வாகம் தோற்ற பல வழக்குகளில் தொழிலாளி தவறு செய்தது உண்மையாகவே இருக்கும். அதைச் சொல்ல ஒரு காகிதம்கூட இருக்காது. ஆறு மாதமாக நடப்பதாகச் சொல்கிறீர்கள், ஒரு மெமோ கொடுத்ததாகவும் சொல்லவில்லை. அப்படியானால் சட்டத்தின் கண்ணில் இவர் ஏழு வருடம் ஒரு குறையும் இல்லாமல் வேலை பார்த்தவர். இப்போது உட்கார்ந்து பழைய தேதி போட்டு மெமோக்கள் தயாரிக்கும் யோசனையை யாராவது கொடுத்தால் கேட்காதீர்கள். அவர் கையெழுத்தும் இருக்காது, தபால் ரசீதும் இருக்காது. குறுக்கு விசாரணையில் ஒரு மெமோ பொய் என்று ஆகிவிட்டால் உண்மையான ஆவணங்களும் அதோடு சேர்ந்து போய்விடும்.

கேட்டில் நிறுத்துவது ஏன் ஆபத்து? எழுத்தில் உத்தரவு இல்லாமல் வாட்ச்மேனை விட்டு ‘உள்ளே விடாதே’ என்று சொன்ன அன்றே அது வாய்மொழிப் பணிநீக்கம் ஆகிவிடுகிறது. அவர் தொழிலாளர் துறையில் மனு கொடுத்தால், ‘நாங்கள் நீக்கவில்லை, அவர்தான் வரவில்லை’ என்று நீங்கள் சொல்ல வேண்டிவரும். அப்படியானால் வரச் சொல்லி ஏன் கடிதம் எழுதவில்லை என்ற அடுத்த கேள்விக்குப் பதில் இருக்காது. அவராகவே வராமல் நின்றாலும் இதே கவனம் தேவை. ‘எட்டு நாள் வரவில்லை, பெயரை நீக்கிவிட்டோம்’ என்று நிலையாணையிலேயே (நிறுவனத்தின் சான்றளிக்கப்பட்ட பணி விதிகளிலேயே) எழுதியிருந்தாலும் விசாரணை இல்லாமல் அது செல்லாது என்று டி.கே. யாதவ் வழக்கில் 1993இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேலைக்குத் திரும்பும்படி அவர் கடைசியாகக் கொடுத்த வீட்டு முகவரிக்கு ஒப்புகையுடன் தபால் அனுப்புங்கள். கவர் ‘வாங்க மறுத்தார்’ என்ற குறிப்போடு திரும்பி வந்தால் பிரிக்காமல் அப்படியே ஃபைலில் வையுங்கள்.

எந்தச் சட்டம் பொருந்தும் என்பதையும் சொல்ல வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் தொகுப்பு 2020 நடைமுறைக்கு வந்து, 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொண்டது. நிலையாணைகள் கட்டாயம் என்பது இப்போது 300 தொழிலாளர்களும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்களுக்கு. 46 பேர் என்பதால் உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் விசாரணையே வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. இயற்கை நீதி, அதாவது தண்டிக்கும் முன் அவர் தரப்பையும் கேட்பது, ஆள் எண்ணிக்கை பார்த்து வருவதில்லை. உங்களிடம் சான்றளிக்கப்பட்ட நிலையாணை இருந்தால் அதில் பட்டியலிட்ட குற்றங்களுக்கு மட்டுமே தண்டிக்கலாம்; கிளாக்ஸோ வழக்கில் 1983இல் சொல்லப்பட்டது அதுதான். நிலையாணை இல்லாத இடத்தில் எது ஒழுங்கீனம் என்பதை ஒவ்வொரு சம்பவத்தையும் பார்த்துப் பொது அறிவோடு முடிவு செய்வார்கள். நியமன உத்தரவில் நடத்தை விதிகள் இருந்தால் அவை கைகொடுக்கும். பழைய சட்டத்தில் வந்த தீர்ப்புகள் புதிய தொகுப்பிலும் செல்லும் என்று எதிர்பார்க்கிறேன், ஏனென்றால் பணிநீக்கம் பற்றிய அடிப்படை ஏற்பாடுகள் அப்படியே தொடர்கின்றன. ஆனால் அது எதிர்பார்ப்புதான். தீர்ப்புகள் வந்து உறுதியாக வேண்டும்.

இனி செய்ய வேண்டியது. அடுத்த சம்பவம் நடந்த அன்றே சூப்பர்வைசர் தன் கைப்பட, தன் பேச்சு நடையிலேயே ஒரு புகார் எழுதட்டும். பக்கத்து மெஷினில் இருந்த இருவர் தனித்தனியாக எழுதட்டும். நீங்கள் ஒரு வாசகத்தை டைப் செய்து மூன்று பேரிடம் கையெழுத்து வாங்கினால் மூன்றும் ஒரே மாதிரி இருக்கும், அதுவே சந்தேகத்தைக் கிளப்பும். சிசிடிவி இருந்தால் அன்றே அந்தப் பகுதியைத் தனியாக நகல் எடுங்கள். அதன் பதிவுக் கருவியான டிவிஆர் சில வாரங்களில் பழையதை அழித்து மேலே எழுதிவிடும். வாட்ஸ்அப் குரல் பதிவென்றால் அதைப் பெற்றவரின் போனில் அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள், சொல்லுக்குச் சொல் எழுத்தில் இறக்குங்கள். உள்விசாரணையில் சாட்சியச் சட்டத்தின் கெடுபிடிகள் முழுதாகப் பொருந்தாது. ஆனால் அதே பதிவு பின்னால் நீதிமன்றத்துக்குப் போகும்போது பாரதிய சாட்சிய அதினியத்தின் (இப்போதைய சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவுச் சான்றிதழ் கேட்பார்கள், ஆகவே மூலப் பதிவு வேண்டும்.

பெரும்பாலும் சறுக்குவது குற்றச்சாட்டுக் குறிப்பாணையில் (சார்ஜ் மெமோ). வழக்கமாக இப்படி எழுதுகிறார்கள்: ‘தாங்கள் தொடர்ந்து ஒழுங்கீனமாக நடந்து, மேலதிகாரியைத் தகாத வார்த்தைகளால் பேசி, நிறுவனத்தின் அமைதிக்குக் குந்தகம் விளைவித்து வருகிறீர்கள்.’ இதற்கு யாரும் பதில் சொல்ல முடியாது, ஆகவே இதை வைத்துத் தண்டிக்கவும் முடியாது. எழுத வேண்டியது இப்படி: ‘இம்மாதம் 12ஆம் தேதி முதல் ஷிஃப்டில், காலை சுமார் 10.40 மணிக்கு, இரண்டாம் எண் சிஎன்சி அருகே, பீஸின் உள்விட்டம் அளவு தப்பியிருப்பதைச் சூப்பர்வைசர் காட்டியபோது, தாங்கள் அவரைப் பார்த்து “……” என்று சத்தமிட்டீர்கள். கையிலிருந்த வெர்னியரை மேசைமேல் வீசிவிட்டு, அனுமதி பெறாமல் 10.50க்கு வெளியேறினீர்கள். அன்று பணிக்குத் திரும்பவில்லை.’ புள்ளிகள் இருக்கும் இடத்தில் அவர் சொன்ன வார்த்தை அப்படியே வர வேண்டும். எழுதக் கூச்சமாக இருக்கும். ஆனால் திட்டின் கடுமையை வைத்துத்தான் தண்டனையின் அளவை நீதிமன்றம் பார்க்கும். ‘தகாத வார்த்தை’ என்று மட்டும் இருந்தால் அளக்க ஒன்றும் இல்லை.

அதே குறிப்பாணையில் ‘ஆகவே தங்களை ஏன் பணிநீக்கம் செய்யக் கூடாது’ என்று சேர்க்காதீர்கள். விசாரணைக்கு முன்பே முடிவெடுத்துவிட்டார்கள் என்று வாதாட அந்த ஒரு வரி போதும். விளக்கம் கேளுங்கள், அவ்வளவுதான். குறைந்தது மூன்று நாள் கொடுங்கள், ஏழு நாள் கொடுத்தால் யாரும் குறை சொல்ல முடியாது. தமிழில் கொடுங்கள். கையெழுத்துப் போட்டு வாங்க மறுத்தால் இரண்டு சாட்சிகள் முன் மறுத்ததாகக் குறித்து, அன்றே தபாலிலும் அனுப்புங்கள். ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் உள்ள இடங்களில் அவர்களுக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இப்போது கோவையிலும் திருப்பூரிலும் அது அன்றாடத் தேவை.

அவர் உள்ளே இருந்தால் சாட்சிகளை மிரட்டுவார், அடிதடி வரும் என்ற நிலை இருந்தால் மட்டும் விசாரணை முடியும்வரை சஸ்பெண்ட் செய்யுங்கள், எழுத்து உத்தரவோடு. தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டின் பிழைப்பூதியச் (சஸ்பென்ஷன் காலத்தில் கொடுக்க வேண்டிய தொகை) சட்டப்படி முதல் 90 நாளுக்குச் சம்பளத்தில் 50 சதவீதம், 90 முதல் 180 நாள்வரை 75 சதவீதம், அதற்கு மேல் முழுச் சம்பளம். மாதம் 20,000 வாங்குபவருக்கு 10,000, பிறகு 15,000, பிறகு 20,000. ஆறு மாதம் இழுத்தால் வேலை வாங்காமல் முழுச் சம்பளம் கொடுப்பீர்கள். பிழைப்பூதியத்தை நிறுத்திவிட்டு விசாரணை நடத்துவது இன்னும் மோசம். பணமில்லாமல் அவரால் விசாரணைக்கு வர முடியவில்லை என்றால் ஒருதலையாக நடந்த அந்த விசாரணையே கெட்டுப்போகும் என்று பால் அந்தோணி வழக்கில் 1999இல் சொல்லியிருக்கிறார்கள்.

விசாரணை அதிகாரியாக நீங்கள் உட்காரக் கூடாது. உங்கள் முன்னால் திட்டியிருந்தால் நீங்கள் சாட்சி, கடைசியில் தண்டனை கொடுக்கப் போவதும் நீங்களே. நடுவில் நீதிபதியாகவும் இருக்க முடியாது. சிறு பட்டறைகளில் முதலாளி ஒருவரே எல்லாமுமாக இருப்பது வழக்குத் தோற்க ஒரு முக்கியக் காரணம். வெளியிலிருந்து ஒரு வழக்கறிஞரை அமர்த்தலாம், அவருக்கு நிர்வாகம் கட்டணம் தருவதாலேயே அவர் பாரபட்சமானவர் ஆகிவிடமாட்டார். தொழிலாளி தனக்குத் துணையாகச் சக தொழிலாளி ஒருவரைக் கேட்டால் அனுமதியுங்கள். வக்கீல் வைத்துக்கொள்வது அவருடைய உரிமை அல்ல. ஆனால் உங்கள் பக்கம் வழக்கை நடத்துபவர் சட்டம் படித்தவராக இருந்தால் அவருக்கும் அனுமதி கொடுத்தாக வேண்டும். ஆகவே உங்கள் பக்கம் ஹெச்.ஆர். அலுவலரோ மேனேஜரோ நடத்தட்டும்.

முறை எளிது. முதல் அமர்வில் குற்றச்சாட்டைப் படித்துக் காட்டி ஒப்புக்கொள்கிறாரா என்று கேட்க வேண்டும். மறுத்தால் நிர்வாகச் சாட்சிகள் முதலில். ஒவ்வொருவரையும் குறுக்கு விசாரணை செய்ய அவருக்கு வாய்ப்பு. பிறகு அவருடைய சாட்சிகள், அவருடைய வாக்குமூலம். அவரையே முதலில் உட்கார வைத்துக் கேள்வி கேட்கக் கூடாது. பக்கத்துக்குப் பக்கம் எல்லோரும் கையெழுத்து, அன்றன்றே அவருக்கு நகல். அவர் வரவில்லை என்றால் இன்னொரு தேதி கொடுத்துத் தபாலில் தெரிவியுங்கள். அப்போதும் வராவிட்டால் ஒருதலையாக நடத்தலாம், ஆனால் சாட்சிகளை விசாரிக்காமல் ‘வரவில்லை, ஆகவே நிரூபணம்’ என்று முடிக்கக் கூடாது. கிரிமினல் வழக்கு அளவுக்குச் சந்தேகமே இல்லாத நிரூபணம் தேவையில்லை, நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நம்பத்தக்க சாட்சியம் காட்டினால் போதும். அறிக்கை வந்ததும் அதன் நகலை அவரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்க வேண்டும். இது கருணாகர் வழக்கின் 1993 தீர்ப்பு. உத்தேசித்திருக்கும் தண்டனையையும் அப்போது சொல்லுங்கள். பழைய எச்சரிக்கைகளைக் கணக்கில் எடுப்பதாக இருந்தால் அதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதுங்கள்.

இதுவரை சொன்னதில் எனக்கு ஐயமில்லை. ஐயம் வருவது தண்டனையின் அளவில். விசாரணை சரியாக நடந்திருந்தாலும் தண்டனை அதிகம் என்று கருதினால் குறைக்கும் அதிகாரத்தை பழைய தொழில் தகராறுகள் சட்டத்தில் 1971இல் சேர்த்த 11ஏ பிரிவு தொழிலாளர் நீதிமன்றத்துக்குக் கொடுத்தது. புதிய தொகுப்பில் தொழில் தீர்ப்பாயத்துக்கும் அது உண்டு. மேலதிகாரியை ஆபாசமாகத் திட்டியவரின் பணிநீக்கத்தை மஹிந்திரா வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் சரி என்றது. அதே உச்ச நீதிமன்றம் டெல்டன் கேபிள் வழக்கில் 1984இல், திட்டியதற்குப் பணிநீக்கம் மிகவும் அதிகம் என்று ரத்து செய்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஏழு வருடப் பணி, முன் தண்டனை எதுவும் இல்லை, ஒரு திட்டுச் சம்பவம் என்ற நிலையில் உங்கள் பக்கம் உறுதியாக நிற்கும் என்று நான் சொல்லமாட்டேன். முதல் சம்பவத்துக்கு எழுத்து எச்சரிக்கை, அடுத்ததற்கு விசாரணை நடத்திச் சில நாள் சம்பளமில்லாச் சஸ்பென்ஷன் அல்லது இன்க்ரிமென்ட் நிறுத்தம், அதற்கும் பிறகு என்றால் பணிநீக்கம் என்று போனால் வலு உண்டு. கை நீட்டினார், மெஷினை வேண்டுமென்றே கெடுத்தார் என்றால் இந்தப் படிகள் தேவையில்லை. தாமதத்துக்குத் தண்டனையாகச் சம்பளத்தில் கைவைப்பதில் கவனம்: வராத நேரத்துக்கான சம்பளத்தை மட்டும் பிடிக்கலாம், ஒரு மணி நேரத் தாமதத்துக்கு அரை நாள் பிடிப்பது சட்டப்படி செல்லாது. அபராதத்துக்கு உச்ச வரம்பு அந்தச் சம்பள காலத்து ஊதியத்தில் 3 சதவீதம்.

‘மற்றவர்களைக் கிளப்பிவிடுகிறார்’ என்ற வரிதான் எனக்கு உறுத்தியது. அந்தக் குரல் பதிவில் என்ன இருக்கிறது? ‘தீபாவளி போனஸ் கூட்டித் தரச் சொல்லி எல்லோரும் சேர்ந்து கேட்போம்’ என்றால் அது குற்றமே இல்லை, சேர்ந்து கேட்பது உரிமை. அதைக் குற்றச்சாட்டில் சேர்த்தால் மற்ற நியாயமான குற்றச்சாட்டுகளும் பழிவாங்கலாகத் தெரியும். ‘நாளைக்கு யாரும் மெஷினை ஓட்டாதீர்கள், ஓட்டினால் வெளியே பார்த்துக்கொள்கிறேன்’ என்றால் அது வேறு. மேலும், போனஸ் போன்ற ஏதாவது தகராறு தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன் நிலுவையில் இருந்தால் அந்தக் காலத்தில் பணிநீக்கம் செய்யத் தனி நடைமுறை உண்டு. தகராறோடு தொடர்புடைய செயல் என்றால் முன் அனுமதி வாங்க வேண்டும். தொடர்பில்லாதது என்றால் ஒரு மாதச் சம்பளம் கொடுத்து, உடனே ஒப்புதல் மனுவும் போட வேண்டும். அதைச் செய்யாத பணிநீக்கம் பிறந்ததாகவே கருதப்படாது என்று 2002இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்புக் கொடுத்திருக்கிறது.

இரண்டு இடங்களில் இந்த வழி பொருந்தாது. அவர் பேச்சோ நடத்தையோ பெண் தொழிலாளி ஒருவரைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்துவதாக இருந்து அந்தப் பெண் புகார் கொடுத்தால், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழுதான் விசாரிக்க வேண்டும். பத்துப் பேர் இருந்தாலே அந்தக் குழு கட்டாயம். அமைக்காவிட்டால் 50,000 ரூபாய்வரை அபராதம். இன்னொன்று சாதி. திட்டு வாங்கிய சூப்பர்வைசர் கோபத்தில் சாதிப் பெயர் சொல்லித் திருப்பித் திட்டினால், எதிரில் இருப்பவர் பட்டியல் சாதியினராக இருந்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கிரிமினல் வழக்கு வரும். சூப்பர்வைசரின் வாய் எப்படி என்று இப்போதே விசாரியுங்கள். ஏழு வருடம் ஒழுங்காக இருந்தவர் ஆறு மாதமாக மாறினார் என்றால் அந்த ஆறு மாதத்துக்கு முன் ஷிஃப்ட் மாறியதா, புது சூப்பர்வைசர் வந்தாரா, ஓவர்டைம் இரட்டிப்பாகக் கொடுக்காமல் இருக்கிறீர்களா என்று பார்ப்பது நியாயம். அவரை உட்கார வைத்துப் பேசி, பேசியதைக் குறித்து வையுங்கள். ஓவர்டைம், பி.எஃப்., நியமன உத்தரவு இவற்றில் குறை இருந்தால் முதலில் சரிசெய்யுங்கள். தகராறு என்று வந்தால் அவர் அங்கிருந்துதான் ஆரம்பிப்பார்.

தோற்றால் என்ன ஆகும்? வேலை திரும்பக் கொடுக்க வேண்டும், வெளியே இருந்த இடைக்காலத்துச் சம்பளமும் (பின்சம்பளம்). தவறான பணிநீக்கத்தில் பின்சம்பளம் கொடுப்பதே வழக்கமான விதி என்று தீபாலி சுர்வாசே வழக்கில் 2013இல் சொன்னார்கள். 20,000 சம்பளத்தில் ஐந்து வருடம் இழுத்தால் 12 லட்சம். சமீப காலமாக வேலைக்குப் பதில் ஒரு தொகை கொடுக்கச் சொல்லும் தீர்ப்புகளும் வருகின்றன, உங்கள் வழக்கில் எது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. விசாரணையில் குறை இருந்தாலும் தீர்ப்பாயத்தின் முன் புதிதாகச் சாட்சியம் வைத்துக் குற்றத்தை நிரூபிக்க வாய்ப்புண்டு. ஆனால் அதை உங்கள் முதல் பதிலுரையிலேயே கேட்டிருக்க வேண்டும். பிறகு கேட்டால் கிடைப்பது கடினம்.

கணக்கு முடித்து அனுப்பும் வழியும் நேர்மையாகச் செய்தால் தவறில்லை. வெற்றுக் காகிதத்தில் கையெழுத்து, போலீஸ் பெயரைச் சொல்லி ராஜினாமா என்றெல்லாம் இல்லாமல், அவர் விருப்பத்தோடு, சமரச அலுவலர் முன்னிலையில் ஒப்பந்தமாக எழுதுங்கள். தனிக் காகிதத்தில் எழுதிக்கொள்வதைவிட அதற்கு வலு அதிகம். பணிக்கொடை (கிராஜுவிட்டி) அவருக்குச் சேர வேண்டியது, அதைச் சலுகைத் தொகையாகக் காட்டாதீர்கள்: அடிப்படைச் சம்பளமும் டிஏவும் (அகவிலைப்படி) சேர்த்து 18,200 என்றால் 26ஆல் வகுத்து, 15 நாளால் பெருக்கி, ஏழு வருடத்துக்கு 73,500 ரூபாய். அதற்கு மேல் கொடுப்பதுதான் சமரசத் தொகை. சம்பள பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள்ளும் பணிக்கொடையை 30 நாளுக்குள்ளும் கொடுத்துவிட வேண்டும்.

உங்கள் நியமன உத்தரவையும் அந்தக் குரல் பதிவையும் பார்க்காமல் இதற்கு மேல் உறுதியாகச் சொல்ல எனக்கு வழியில்லை. குறிப்பாணை கொடுப்பதற்கு முன்பே அவ்விரண்டோடும் தொழிலாளர் சட்டம் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். கொடுத்த பிறகு போனால் அவர் செய்யக்கூடியது குறைவு. எப்படி முடிந்தாலும், அவர் போட்டோவை நோட்டீஸ் போர்டிலோ பட்டறை முதலாளிகள் குழுவிலோ போட்டு ‘இவரைச் சேர்க்காதீர்கள்’ என்று எழுத வேண்டாம், அவதூறு வழக்கு அங்கிருந்தே ஆரம்பிக்கும். வேறு கம்பெனியிலிருந்து கேட்டால் எந்தத் தேதி முதல் எந்தத் தேதிவரை, என்ன வேலை பார்த்தார் என்பதை மட்டும் சொல்லுங்கள்.